கல் இல்லாத ஊருக்கு இரண்டு டிக்கெட்

மகனுக்கு,

நலம், நலமறிய ஆவல் என்று தொடங்குகிற கடிதம் இல்லை இது. நீ நலமாக இருக்கிறாய் என்பது எனக்கு நன்றாகவே தெரியும். பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு தினமும் காலையில் நம் மூன்று பேர் குரூப்பில் ஒரு படம் போடுகிறாய். அதில் விமான டிக்கெட் விலையைக் காட்டுகிற ஒரு கோடு ஏறுகிறது, இறங்குகிறது. அடியில் "இன்னும் கொஞ்சம் வெயிட் பண்ணலாம் நைனா" என்று எழுதுகிறாய். உடம்புக்கும் மனசுக்கும் ஒரு குறையும் இல்லாதவனால்தான் இரண்டு வருடத்துக்கு மேல் இப்படி எழுத முடியும். அந்தக் கோட்டை இனிமேல் போடாதே. நேற்று நான் டிக்கெட் வாங்கிவிட்டேன். சென்னையிலிருந்து மாலத்தீவுக்கு, போக வர, பொங்கல் லீவு வாரத்தில், உன் கோடு உச்சியில் போய் நிற்கிற நாளில், கேட்ட விலையைக் கொடுத்து வாங்கினேன். இரண்டு டிக்கெட். ஒன்று உன் அம்மாவுக்கு, ஒன்று எனக்கு. உனக்கு வாங்கவில்லை.

கோபத்தில் சுற்றி வளைக்காமல் முக்கியமானதை முதலிலேயே எழுதிவிடுகிறேன். உன் அம்மாவுக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. நேராக இருப்பது தெரிகிறது, பக்கவாட்டில் இருப்பது தெரியவில்லை. தெரிகிற இடமும் மாதா மாதம் குறுகுகிறது. ஆறு மாதமாக எங்கள் இருவருக்கும் இது தெரியும். உன்னிடம் சொல்லக் கூடாது என்று அவள் என் கையைப் பிடித்துச் சத்தியம் வாங்கினாள். அந்தச் சத்தியத்தை இந்தக் காகிதத்தில் மீறுகிறேன். போனில் சொல்லியிருக்கலாம். போனில் பேசினால் நீ நடுவில் புகுந்து விளக்கம் சொல்வாய், உன் விளக்கம் எப்போதும் சரியாகவே இருக்கும், நானும் தலையாட்டிவிட்டு வைத்துவிடுவேன். அதனால்தான் கையால் எழுதி, பக்கம் பக்கமாகப் படம் பிடித்து, நம் குரூப்பில் மட்டும் இல்லாமல் சொந்தக்காரர்கள் குரூப்பிலும், தெரு குரூப்பிலும் போடுகிறேன். எல்லோரும் படிக்கட்டும். உன் அம்மாவைப் பற்றி வாய்க்கு வந்ததைப் பேசியவர்கள் முக்கியமாகப் படிக்கட்டும். அவளும் படித்துவிட்டு என் மேல் பாய்வாள். பாயட்டும்.

உன் அம்மா எதைக் கேட்டாள் என்பதாவது உனக்கு நினைவிருக்கிறதா? இரண்டு வருடத்துக்கு முந்தைய தீபாவளி. நீ வந்திருந்தாய். டிவியில் கடலும் வெள்ளை மணலுமாக ஒரு ஊரைக் காட்டினார்கள். உன் அம்மா முறுக்கு பிழிவதை நிறுத்திவிட்டு வந்து நின்று, "அங்க பாறையே இல்லியாடா?" என்று கேட்டாள். நீ போனில் தேடிப் பார்த்து, "ஒரு குன்றுகூட இல்லம்மா. நாடே தட்டையா மணலா இருக்குது" என்றாய். "அப்ப என்னை அங்க கூட்டிட்டுப் போ" என்றாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அவள் யாரிடமும் எதையும் இப்படிக் கேட்டு நான் பார்த்ததில்லை. நீ சிரித்தாய். நெற்றியில் கைவைத்துச் சலாம் போட்டு, "உத்தரவு" என்றாய். அன்றைக்கே குரூப் தொடங்கி, அதற்குத் தென்னை மரப் படம் ஒட்டினாய்.

அவள் ஏன் அதைக் கேட்டாள் என்று நீ கேட்கவில்லை. தளவானூர்ப் பக்கத்துக் குவாரியில் பதினோரு வயதிலிருந்து ஜல்லி உடைத்தவள் அவள். சில்லு தெறிக்கும் என்று கண்ணை மூடிக்கொண்டே சுத்தியலை இறக்கப் பழகியவள். கல்யாணமாகி வந்த செஞ்சியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை, மலை மேல் பாறை, பாறை மேல் இன்னொரு பாறை. வெளியூர்க்காரர்கள் கோட்டையைப் பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு ஏறுகிறார்கள், போட்டோ எடுக்கிறார்கள். அவள் ஒரு முறைகூட ஏறியதில்லை. வா என்று கூப்பிட்டால், "நான் பாத்த கல்லு போதும்" என்பாள். சித்திரையில் பகலெல்லாம் காய்ந்த பாறை பொழுது சாய்ந்த பிறகும் நம் வீட்டுச் சுவர் வரைக்கும் சூட்டை அனுப்பும், உனக்கே தெரியும். அப்படிப்பட்டவள் ஒரே ஒரு தடவை, கல் இல்லாத ஒரு ஊரைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்று ஆசைப்பட்டாள். மூன்று நாள் லீவு. அவ்வளவுதான் கேட்டது.

அதற்கு நீ என்ன செய்தாய்? பாஸ்போர்ட் எடுக்க வைத்தாய், அது நல்ல காரியம். விசாரணைக்குப் போலீஸ்காரர் வந்தபோது தெருவே வாசலில் நின்றது, அதுவும் போகட்டும். பிறகு எப்போது வாங்கினால் டிக்கெட் மலிவு என்று தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தாய். தை மாதம் சீசன், விலை அதிகம், சித்திரைக்குப் பார்க்கலாம் என்றாய். சித்திரையில் பள்ளிக்கூட லீவு, கூட்டம், ஆனியில் பார்க்கலாம் என்றாய். ஆனியில் விலை இறங்கியது. இறங்கிய அன்று, செவ்வாய்க்கிழமை இன்னும் இறங்கும் என்றாய். செவ்வாய்க்கிழமை ஏறிவிட்டது. மூன்று மாதத்துக்கு முன்னால் வாங்கினால் மலிவு என்று ஒரு நாள், கடைசி வாரத்தில் வாங்கினால் மலிவு என்று ஒரு நாள். நாம் தேடுவது கம்பெனிக்குத் தெரிந்தால் விலையை ஏற்றிவிடுவான், அதனால் தெரியாத மாதிரி தேட வேண்டும் என்று ஒரு நாள். சென்னையிலிருந்து வேண்டாம், திருவனந்தபுரம் போய் ஏறினால் மிச்சம் என்றாய். கொழும்பில் ஒன்பது மணி நேரம் உட்கார்ந்து போனால் இன்னும் மிச்சம் என்றாய். பெட்டி இல்லாமல் போனால் அதிலும் மிச்சம் என்றாய். மூன்று நாளுக்கு உன் அம்மா கட்டிய புடவையோடு போக வேண்டுமா என்று அன்றைக்கே நான் கேட்டிருக்க வேண்டும். நீ கையில் வைத்திருக்கிற போனைக் கடைக்கு வந்த முதல் நாளே முழு விலைக்கு வாங்கினவன் நீ. அதற்கு எந்தக் கோடும் போட்டுப் பார்த்ததாக எனக்கு நினைவில்லை.

முப்பத்தொரு வருடம் செஞ்சி பஸ் ஸ்டாண்டில் தனியார் வண்டிகளுக்கு டைம் கீப்பராக நின்றவன் நான். என் வேலை ஒன்றுதான். வண்டிக்கு எழுதியிருக்கிற நிமிஷம் வந்ததும் விசில் கொடுத்து வெளியே அனுப்புவது. எந்தக் கண்டக்டருக்கும் கிளம்ப மனசே வராது. "அண்ணே, மேல்சித்தாமூர் வண்டி வந்துட்ருக்குது, பத்து டிக்கெட் எறங்கும், ரெண்டு நிமிஷம்ணே" என்று கெஞ்சுவான். டீ வாங்கித் தருவான். முதலாளி பெயரைச் சொல்லி மிரட்டுவான். நான் வண்டிக்குள் உட்கார்ந்திருக்கிறவர்களைக் காட்டுவேன். ஏறி உட்கார்ந்தவர்களை, இன்னும் ஏறாதவர்களுக்காகக் காக்க வைக்கக் கூடாது. அதற்கு மேல் எனக்கு எந்தச் சட்டமும் தெரியாது. உன் அம்மா இரண்டு வருடத்துக்கு முன்னால் ஏறி உட்கார்ந்துவிட்டாள். வராத விலைக்காக நீ வண்டியை நிறுத்தி வைத்திருக்கிறாய்.

இதை எழுதுகிற தகுதி எனக்கு இருக்கிறதா என்று நீ கேட்கலாம். கேட்பாய், உனக்கு வாய் என்னிடமிருந்துதான் வந்தது. அந்த விசிலை நான் ஊதக் கூடாத இடத்திலும் ஊதியிருக்கிறேன். உனக்கு ஒன்றரை வயது. உன் சித்திக்கு வளைகாப்பு. உன் அம்மா உன்னை இடுப்பில் வைத்துக்கொண்டு, இன்னொரு கையில் சீர்த் தட்டுப் பையோடு பஸ் ஸ்டாண்டுக்குள் ஓடி வந்தாள். தளவானூர் வண்டி அப்போதுதான் திரும்பி நின்றது. கண்டக்டர் அவளைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். சுற்றி நின்ற டிரைவர்கள் எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். சொந்தப் பெண்டாட்டிக்கு ஒரு நியாயம், ஊருக்கு ஒரு நியாயமா என்று மறுநாள் பேசுவார்கள் என்று பயந்து விசில் கொடுத்தேன். வண்டி போய்விட்டது. அடுத்த வண்டி இரண்டு மணி நேரம் கழித்து. அவள் போய்ச் சேர்ந்தபோது பந்தி முடிந்து இலை எடுத்துக்கொண்டிருந்தார்களாம். நியாயம் என் பக்கம்தான் இருந்தது. அந்த நியாயத்தை வைத்துக்கொண்டு பதினோரு நாள் நானே சோறு பொங்கிச் சாப்பிட்டேன்.

இன்னொன்றும் இருக்கிறது. அது உனக்கு நினைவிருக்கும். உனக்கு ஒன்பது வயதில் ஊட்டிக்குப் போனோமே, அது. மே மாதம் பூக்கண்காட்சிக்குப் போகலாம் என்று அவள் கேட்டாள். சீசனில் போனால் தோலை உரித்துவிடுவான், சீசன் முடிந்ததும் ரூமைச் சும்மா கொடுப்பான் என்று சொல்லி ஜூலையில் கூட்டிக்கொண்டு போனேன். ரூம் பாதி விலைதான். மூன்று நாளும் மழை. படகு விடவில்லை. தோட்டத்தில் பூத்தொட்டிகளை எல்லாம் எடுத்து ஒரு கொட்டகையில் அடுக்கிவிட்டார்கள், வெறும் மண் பாத்தியைச் சுற்றி வந்தோம். பத்தடிக்கு அப்பால் பனி. நீ சளி பிடித்து ரூமிலேயே படுத்துக்கிடந்தாய். கடைசி நாள் உன் அம்மா ஜன்னலைத் திறந்து பார்த்துவிட்டு, "இங்க மலை எங்கங்க இருக்குது? செஞ்சியிலயாவது மலை தெரியும்" என்றாள். நான் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. திரும்பி வந்து ஒரு மாதம் பஸ் ஸ்டாண்டு முழுக்க, எவ்வளவு மலிவாக முடித்தேன் என்று பீற்றிக்கொண்டு திரிந்தேன். பார்த்ததைப் பற்றிப் பேச என்னிடம் ஒன்றும் இல்லை. நீ பக்கத்தில் நின்று வாயைப் பிளந்து கேட்டாய். லீவுக்குப் போவது என்றால் இதுதான் என்று அன்றைக்கு நினைத்துக்கொண்டாய் போலிருக்கிறது.

இந்தப் புத்தி நமக்கு எங்கிருந்து வந்தது என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன். என் அப்பா வல்லத்தில் அடுத்தவர் நிலத்தில் கூலிக்குக் கடலை பிடுங்கியவர். அவர் கடைக்குப் போனால் கடைசியாக நின்று, மற்றவர்கள் கழித்துப் போட்டதை வாங்கி வருவார். முழு விலை கொடுத்து நல்லதை வாங்கினால், உனக்கு எதற்குடா இது என்று யாராவது கேட்டுவிடுவார்களோ என்ற பயம் அவருக்கு. எனக்குள்ளும் அந்தப் பயம் இருந்தது, அதற்குச் சிக்கனம் என்று பெயர் வைத்துக்கொண்டேன். நீ படித்து, வேலைக்குப் போய், கார்டில் பணம் கட்டுகிறாய். உனக்காக என்றால் அந்தப் பயம் வருவதில்லை. அம்மாவுக்கு என்று வரும்போது மட்டும் எங்கிருந்தோ வந்து உட்கார்ந்துகொள்கிறது. கல் உடைத்தவளுக்கு மலிவு டிக்கெட் போதும் என்று நீ வாயால் சொல்லவில்லை. நான் சொல்கிறேன், நீ செய்தது அதுதான்.

கண் விஷயத்தை எப்படிக் கண்டுபிடித்தோம் என்று சொல்கிறேன். எதிர் வீட்டு சரோஜாதான் ஆரம்பித்து வைத்தாள். ஒரு நாள் என்னை வழிமறித்து, "இன்னாண்ணா, உங்க வீட்டம்மாவுக்கு டிக்கெட் வந்துட்ச்சா? பக்கத்துல நின்னு சிரிச்சாலும் திரும்ப மாட்டேங்குது. வெளிநாடு போறவங்களுக்கு நாங்கள்லாம் தெரிவோமா" என்றாள். இன்னும் இரண்டு பேர் அதையே சொன்னார்கள். பாஸ்போர்ட் வந்ததிலிருந்து உன் அம்மாவுக்குத் தலைக்கனம் ஏறிவிட்டது என்று தெருவில் ஒரே பேச்சு. நானும் நம்பினேன். முப்பது வருடம் கூட இருந்தவன், எதிர் வீட்டுக்காரி பேச்சைக் கேட்டு, "இன்னா உனக்கு இவ்ளோ திமிரு?" என்று அவளைக் கேட்டேன். "யாரு சிரிச்சா? எப்போ?" என்றாள். அதற்கு அடுத்த வாரம் ரேஷன் கடை வாசலில் பக்கத்தில் வந்த பைக் தெரியாமல் குறுக்கே இறங்கி, முழங்கைத் தோல் பெயர்ந்து வந்து நின்றாள். அப்போதுதான் எனக்குச் சுரீர் என்றது. புதுச்சேரியில் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனேன்.

அங்கே ஒரு மெஷின். கிண்ணம் மாதிரி இருக்கும், அதற்குள் முகத்தை வைத்து நேராகவே பார்க்க வேண்டும். உள்ளே அங்கங்கே பொட்டு வெளிச்சம் வரும். தெரிந்தால் கையிலிருக்கிற பட்டனை அழுத்த வேண்டும். பின்னால் கம்ப்யூட்டரில் வெளிச்சம் எங்கே வருகிறது என்று எனக்குத் தெரிந்தது. ஓரத்தில் வருகிறது, அவள் சும்மா இருக்கிறாள். மேலே வருகிறது, சும்மா இருக்கிறாள். பக்கத்தில் நின்ற நர்ஸ் பெண் மெதுவாக, "அம்மா, வெளிச்சம் தெரிஞ்சா அழுத்துங்க" என்றது. "தெரிஞ்சா அழுத்த மாட்டனா" என்றாள் உன் அம்மா. நடுவில் வந்தபோது மட்டும் அழுத்தினாள். கண்ணுக்குள் பிரஷர், நரம்பு காய்ந்துகொண்டு வருகிறது, போன பார்வை திரும்பாது, இருப்பதைச் சொட்டு மருந்து போட்டு முடிந்தவரைக்கும் காப்பாற்றலாம் என்று டாக்டரம்மா சொன்னார்கள். உன் அம்மா கேட்ட ஒரே கேள்வி, "ஒரு கடல் பாக்கணும், போலாமா மேடம்?" என்பதுதான். "தாராளமா போங்க. தள்ளிப் போடாம சீக்கிரமா போய்ட்டு வாங்க" என்றார்கள்.

திரும்பி வரும்போது திண்டிவனம் தாண்டியதும் அவள் என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அவன்கிட்ட சொல்லாதீங்க. சொன்னா பதறிப்போய் கேக்குற வெலைக்கு வாங்கிடுவான். பாவம், எத்தினி நாளா பாத்துட்டு இருக்கான். கொறையும்போது வாங்கட்டும்" என்றாள். கேட்டாயா? கண் போகிறவள், உன் கோடு வீணாகிவிடக் கூடாது என்று கவலைப்பட்டாள். இதைப் படித்து உனக்கு வயிறு எரிய வேண்டும் என்றுதான் அவள் சொன்னதை ஒரு வார்த்தை மாற்றாமல் எழுதியிருக்கிறேன்.

இதுவரைக்கும் உன்னைத் திட்டிவிட்டேன். இனி எழுதப்போவதை எழுதாமல் விட்டால் நான் யோக்கியன் இல்லை. ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நீ போன் செய்தாய். "நைனா, இது மாதிரி எறங்கி நான் பாத்ததே இல்ல. போட்டுடலாமா?" என்று கேட்டாய். நினைவிருக்கிறதா? டாக்டரம்மா சொன்னது என் காதில் இருக்கிறது, சொட்டு மருந்து பாட்டில் என் சட்டைப் பையில் இருக்கிறது. நான் என்ன சொன்னேன்? "செவ்வாக்கெழம பாக்கலாம்டா, நீதான சொல்லுவ, அன்னிக்கு இன்னும் கொறையும்னு" என்றேன். சொல்லும்போதே கெட்டிக்காரத்தனமாகப் பேசிவிட்டதாக ஒரு சந்தோஷம். திங்கட்கிழமையே ஏறிவிட்டது. அப்புறம் இறங்கவில்லை. மார்கழியில் மறுபடி அந்த மெஷினில் முகத்தை வைத்தபோது அவள் ஆடியில் அழுத்தியதில் பாதிகூட அழுத்தவில்லை. நான் அந்தக் கம்ப்யூட்டருக்கு முன்னால் நிற்க முடியாமல் வெளியே போய் உட்கார்ந்துவிட்டேன். ஆக, இந்தக் கடிதத்தில் உன் மேல் இருக்கிற கோபத்தில் பாதி என் மேல் இருக்க வேண்டியது. அதற்காக உன் பாதியைக் குறைத்துக்கொள்ள மாட்டேன்.

நேற்று பஸ் ஸ்டாண்டுக்கு எதிரில் ஆன்லைன் சென்டர் வைத்திருக்கிற ஷாகிதாவிடம் போனேன். வளைகுடாவுக்குப் போகிற ஆட்களுக்கெல்லாம் அந்தப் பெண்தான் டிக்கெட் போட்டுத் தருகிறாள். பாஸ்போர்ட் இரண்டையும் நீட்டி, வருகிற வியாழக்கிழமைக்கு வேண்டும் என்றேன். திரையைப் பார்த்துவிட்டு அவளுக்கே சங்கடமாகிவிட்டது. "டைம் கீப்பர் சார், பொங்கல் ரேட்டு ரொம்ப ஜாஸ்தியா இருக்குது. ஒரு பத்து நாள் தள்ளிப் போனா எறங்கும் சார்" என்றாள். "எறங்கட்டும். நீ போடும்மா" என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்துவிட்டுப் பெயர்களைத் தட்ட ஆரம்பித்தாள். ஜன்னல் ஓரம் வேண்டும் என்றால் அதற்கும் தனியாகக் கொடுக்க வேண்டும் என்றாள். வலது பக்கத்து ஜன்னலாகப் பார்த்துப் போடச் சொன்னேன், உன் அம்மாவுக்கு வலது கண் இன்னும் கொஞ்சம் தேவலை. பிரிண்ட் எடுத்துக் கையில் கொடுத்தாள். காகிதம் சூடாக இருந்தது. முப்பத்தொரு வருடத்தில் முதல் முறையாக, ஒரு வண்டியை நேரத்துக்கு எடுத்துவிட்ட திருப்தி அப்போது வந்தது, பிறகு ரோட்டில் நின்று கொஞ்ச நேரம் அழுதேன். கரும்பு விற்கிறவன் பார்த்துக்கொண்டிருந்தான்.

நாளைக்கு உனக்குக் கல்யாணமாகும், பிள்ளைகள் வரும், வெளிநாட்டுக்கு லீவில் போவாய். அப்போது எப்போது டிக்கெட் வாங்குவது என்று மறுபடியும் கோடு போடுவாய். அதற்கு அப்பனாகச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். விலையைப் பார்க்காதே என்று சொல்லவில்லை, நான் ஒன்றும் ஜமீன் பரம்பரை இல்லை. முதலில் போகிற தேதியை முடிவு செய். யாரைக் கூட்டிப் போகிறாயோ அவர்களைக் கேட்டு முடிவு செய், கோட்டைக் கேட்டு இல்லை. அந்த ஊர் எந்த மாதம் நன்றாக இருக்குமோ அந்த மாதம் போ. மழைக்காலத்தில் மலிவாகப் போய் ரூம் சுவரைப் பார்க்காதே. லீவு நாளுக்கு ஓரிரு நாள் முன்னே பின்னே நகர முடிந்தால் நகர்த்து, அதில் தப்பில்லை. இரண்டு மூன்று மாதத்துக்கு முன்னால் பார்க்க ஆரம்பி. நம்மால் இவ்வளவு முடியும் என்று மனசுக்குள் ஒரு எல்லை வை. ஒரு மூன்று வாரம் பார். அந்த எல்லைக்குள் என்றைக்கு வருகிறதோ அன்றைக்கே வாங்கு, மறுநாள் இன்னும் இறங்கும் என்று நிற்காதே. வரவே இல்லையென்றால், மூன்றாவது வாரக் கடைசியில் இருக்கிற விலைக்கு வாங்கு, அல்லது போகவில்லை என்று வாய் திறந்து சொல்லிவிடு. சொன்னால் அவர்கள் வேறு ஏதாவது ஆசைப்படுவார்கள். வாங்கிய பிறகு அந்த விலையைத் திரும்பப் பார்க்காதே. குறைந்திருந்தால் வயிற்றெரிச்சல், ஏறியிருந்தால் என்னை மாதிரி ஊரெல்லாம் பீற்றிக்கொள்வாய். இரண்டுமே லீவு இல்லை.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது உன் படம் வந்து விழுந்தது. "பிப்ரவரி கடைசில நல்லா கொறையும் நைனா, அம்மாகிட்ட சொல்லு." சொன்னேன். அவள் பரணிலிருந்து இறக்கிய பெட்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நீ திண்டிவனத்தில் வாங்கிக் கொடுத்தாயே, நீலப் பெட்டி, இரண்டு வருடமாக அதில் உளுந்து கொட்டி வைத்திருந்தாள். உளுந்தை டின்னுக்கு மாற்றிவிட்டு, வெயிலில் வைத்து, இரண்டு புடவையும் சொட்டு மருந்தும் எடுத்து வைத்தாள். "அவனுக்கும் சேத்துப் போட்டிருக்கலாம்ல" என்றாள். "அவன் வெலை எறங்கும்போது வருவான்" என்றேன். எழுந்து உள்ளே போய்விட்டாள்.

ஷாகிதாவைக் கேட்டேன். எங்கள் விமானத்தில் இன்னும் சில சீட் இருக்கிறதாம். விலை நேற்றைவிட ஏறிவிட்டதாம். உன் கோட்டை எடுத்துப் பார், எங்கே நிற்கிறது என்று தெரியும். அதைக் கொடுத்து வாங்குவதும் வாங்காததும் உன் இஷ்டம். வியாழக்கிழமை காலை ஐந்து பத்துக்குச் சென்னை வண்டி. பெங்களூரிலிருந்து பாண்டிச்சேரி போகிற வண்டி நாலரைக்கு நம் ஊருக்கு வரும், பனியில் கொஞ்சம் தாமதமாகவும் வரும்.

இதையும் சொல்லிவிடுகிறேன். கொஞ்ச நேரம் முன்னால் உன் அம்மா வந்து என் எதிரில் உட்கார்ந்தாள். நான் தெரிகிற மாதிரி நாற்காலியை நேராக இழுத்துப் போட்டுக்கொண்டாள். "அவன் வர்றதுக்கு லேட்டாச்சுன்னா வண்டிய ரெண்டு நிமிஷம் நிறுத்தச் சொல்லுங்க. உங்க பேச்சுக்கு நிறுத்துவாங்க" என்றாள். "நான் யாருக்கும் நிறுத்தச் சொன்னதில்ல" என்றேன்.

"தெரியும். அன்னிக்கு அவன் என் இடுப்புல இருந்தான். எங்க ரெண்டு பேருக்கும் சேத்துதான் விசில் குடுத்தீங்க. அவனுக்கு ஒரு வாட்டி போதாதா?"

அதைக் கேட்டுவிட்டுத்தான் இந்தக் கடைசி வரியை எழுதுகிறேன். நீ நேரத்துக்கு வந்துவிடு.

நைனா